பட்டியலில் இல்லாத லாசரஸ்

மேற்குத் தாம்பரம்
9.3.1974

அன்புள்ள மகள் பியூலாவுக்கு,

உன் தம்பி லாசரஸ் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை என்று பட்டணத்தில் ஒரு கம்ப்யூட்டர் தீர்த்துவிட்டது. மற்றபடி தேவகிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

விவரம் கேள். நம் சபைச் சரித்திரம் எழுதுகிறேன் என்று கல்லூரி வாத்தியார் எலியேசர் வந்தபோது, ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் நான் வெயிலில் அலைந்து கல்லறை கல்லறையாகப் பார்த்து எழுதிய தாள்களைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கொடுங்கள் அப்பா, கம்ப்யூட்டர் மனிதனைப் போல் தப்புப் பண்ணாது என்று அமெரிக்காவிலிருந்து எழுதியவள் நீ. கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் அட்டைகளில் ஓட்டை போட்டு அந்த மெஷினில் விட்டார், ஒரே பெயர் ஒரே இடம் என்றால் இரண்டு தரம் எழுதிய ஒரே ஆள், ஒன்றைத் தள்ளிவிடு என்று அதற்கு உத்தரவு. என் அப்பா லாசரஸின் காலடியில்தானே உன் தம்பியைப் புதைத்தோம், தாத்தா பெயரைத்தானே அவனுக்கும் வைத்தோம். யுத்த காலம், கல்லில் பெயர் மட்டும்தான் வெட்ட முடிந்தது, வருஷம் இல்லை, கல்லில் இருந்ததைத்தான் நானும் எழுதினேன். காய்ச்சலில் போன நாலு வயதுக் குழந்தை தாத்தாவுக்குள் போய்விட்டான். நேரில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது ஐயா என்று சிரிக்கிறார். உங்கள் தாத்தா பெயர் என்ன சார் என்றேன். எலியேசர் என்றார். அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பது யார், தாத்தாவா என்றேன். சிரிப்பு நின்றது. ஆனால் அச்சாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். எட்டாவது படித்தவன் பேச்சுக்காக மறுபடி மெஷின் ஓட்டுவார்களா.

புத்தகத்தோடு போகவில்லை இது. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று, அந்தப் புத்தகப் பட்டியலில் பெயர் இல்லாத கற்களை ஈஸ்டர் முடிந்ததும் பெயர்க்கக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. உன் தம்பி கல்லில் சுண்ணாம்புக் குறி. அம்மா தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள், மறுநாள் தோட்டக்காரன் மறுபடி போட்டான், அவள் மறுபடி கழுவுகிறாள். முட்டி வலிக்கு நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. கமிட்டிச் செயலாளர் சாலமோன் என்னிடமே, ரெண்டும் ஒரே பெயர்தானே அண்ணே, ஒரு கல் போதாதா என்கிறான். உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கிறதே, ஒன்று போதாதா என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இனி ஆகவேண்டியது இது. எலியேசர் உன் தம்பிக்குத் தனி அட்டை போட வேண்டும், தகப்பன் பெயரோடு. அந்தத் திருத்தத்தை நம் சபைப் பாதிரி ஐயர் ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். சாலமோன் தன் கையால் சுண்ணாம்பைக் கழுவ வேண்டும். நீ உன் ஆபீஸ் காகிதத்தில் இங்கிலீஷில் எலியேசருக்கு இந்த வாரமே எழுத வேண்டும், என் தமிழுக்கு இல்லாத மரியாதை அதற்கு உண்டு. குளிரில் காதைக் கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. கடப்பாறை வருகிற அன்று செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன், அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருப்பேன்.

லாசரஸின் மகனும் லாசரஸின் தகப்பனுமான
உன் அப்பா
ல. துரைராஜ்