ஒரு பொட்டலம் கல்லுப்பு

இன்று காலையில் செல்வி மதுரைக்குக் கிளம்பினாள். இன்சுலின் பாட்டிலை வாழைப்பட்டைக்குள் வைத்து, ஈரத்துணி சுற்றி, நாரால் கட்டினாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உன் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் கித்தான் பை தொங்க, மல்லிகை மணக்க மணக்க வெளியூர்க் கடைகளுக்குப் பூ கொண்டுபோவாயே, அந்த வண்டி. "மாமா கத்துக்குடுத்தது" என்றாள் என் மகள். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா அன்னைக்கு மாமா ஏம்ப்பா ஐஸ்ல உப்பப் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் செருப்பைத் தேடுகிறவன் போல வாசலுக்குப் போய்விட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது மாப்ளே. இன்னும் எனக்கு வாய் திறக்கவில்லை.

அப்போது செல்விக்கு எட்டு வயது. அந்த வயதில் சர்க்கரை, தினமும் ஊசி. மருந்தைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் புதைத்து வைத்திருப்போம். கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள் காலையில், ஊசி போட எடுத்த பாட்டில் என் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் சிதறியது. இருந்தது அது ஒன்றுதான். நம்மூர்க் கடைகளில் மருந்து இல்லை. திருநெல்வேலிக்குப் போக பஸ்ஸும் இல்லை, ஸ்டிரைக் தொடங்கி மூன்றாம் நாள். சட்டைகூடப் போடாமல் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வாயைக் கொப்பளித்துவிட்டு வண்டியை எடுத்தாய்.

"பூவக் கொண்டுபோறாப்புல கொண்டாரேம்லே. வாழப்பட்டைக்குள்ள வச்சு ஈரத்துணியச் சுத்திட்டா, ஓடுத காத்துல துணி தன்னால குளுந்துக்கிடும்" என்றாய்.

நான் சிரித்தேன். பிள்ளை மருந்தில்லாமல் கிடக்கிறாள், அந்த நேரத்திலும் எனக்கு நக்கல். "எம்பிள்ளைக்கு வாங்குதது மருந்துலே, மல்லியப்பூ இல்ல. ஐஸ் கம்பெனி வச்சிருக்கவன் சொல்லுதேன், கேளு" என்றேன். குச்சி ஐஸ் உறைய வைக்கிறவனுக்குத் தெரியாதா, ஐஸில் உப்புப் போட்டால் குளிர் கூடும் என்று? என் கம்பெனித் தகர டப்பாவைக் கொடுத்தேன். கல்லுப்பை ஒரு பொட்டலம் கட்டி உன் சட்டைப் பையில் நானே திணித்தேன். "அங்கன ஐஸ் வாங்கி, பாட்டிலப் புதைச்சு, உப்ப நல்லாத் தூவிரு." நீ தலையாட்டினாய். குளிரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நீயும் நினைத்திருப்பாய்.

பதினோரு மணிக்கு வந்தாய். டப்பாவைத் திறந்தால் இரண்டு பாட்டிலும் வெள்ளையாகக் கல்லுபோல உறைந்து நின்றன. எனக்கு என்ன பெருமை! "பாத்தியா, எப்படிக் குளுந்திருக்குன்னு" என்றேன். உள்ளங்கையில் வைத்து உருக்கி நானே ஊசி போட்டேன்.

பிள்ளை தேறவில்லை. தண்ணீர் தண்ணீர் என்றாள், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது, அதில் அழுகிய பழ வாடை. டாக்டர் வீட்டுக்கே வந்து டிரிப் ஏற்றினார். பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினார். திரிந்த பால்போலத் துணுக்குகள் ஓடின.

"இது உறைஞ்சு செத்துப்போன மருந்து. போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். யாரு இப்படிக் கொண்டாந்தது?"

தெருவே என் வீட்டுக்குள் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைக் காட்டினேன்.

காட்டியதோடு விட்டேனா? "எம்பிள்ளையக் கொல்லப் பாத்திட்டியேலே, பாவி! உப்பப் போட்டுக் கொண்டாந்திருக்கியே, நீ மனுசனாலே?" என்று உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உலுக்கியதில் உன் பையிலிருந்து மிச்ச உப்பு தரையில் கொட்டியது. நான் கட்டிக் கொடுத்த அதே காகிதம். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை, "நீதானலே சொன்ன" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். நீ டாக்டரிடம் திரும்பி, "உறையக் கூடாது, ஆனா குளுந்திருக்கணும், அம்புட்டுத்தானய்யா?" என்று கேட்டாய். அவர் ஆமாம் என்றார். "சாயங்காலத்துக்குள்ள வேணும், அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றும் சொன்னார். ஒரு மணி வெயிலில் மறுபடி வண்டியை உதைத்தாய்.

அந்த நாலு மணி நேரத்தை எப்படி எழுத? செல்விக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. என் வீட்டுக்காரி, கோயில் இருந்த திக்கைக் கும்பிட்டு நம்மூர்ச் சாமி கோமதியம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சாமியைக் கூப்பிடவும் நாக்கு வரவில்லை. இப்போது மானூர் தாண்டியிருப்பான், தேவர்குளம் வந்திருப்பான் என்று ஊர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தெருவுக்கு ஓடினேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று தவித்த அதே நெஞ்சு, நீ வந்து ஊருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்றும் பயந்தது. சீ, நானும் ஒரு மனுசன்!

மணி ஐந்து அடிக்கும் முன்னால் வந்தாய். உடம்பில் சட்டை இல்லை. சுற்றிய துணி காயக் காய, வழியில் கண்ட பம்ப்செட்டிலெல்லாம் நிறுத்தி நனைத்திருக்கிறாய். அது போதாது என்று உன் சட்டையையும் கழற்றி நனைத்துச் சுற்றியிருக்கிறாய். முதுகு நெருப்புப் பட்டதுபோலச் சிவந்து கிடந்தது. பையிலிருந்து வாழைப்பட்டையை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாய். டாக்டர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, "பானைத் தண்ணி கணக்கா இருக்கு" என்றார். விடிவதற்குள் செல்வி, "அம்மா, பசிக்கி" என்றாள்.

ஊர் உனக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமல்லவா? 'உப்பு.' பூக்கடையில் உப்பு, டீக்கடையில் உப்பு. "ஏ உப்பு, இங்கன வாரும்வே" என்று சின்னப் பயல்கள்கூடக் கூப்பிட்டான்கள். நீ சிரித்துக்கொண்டே போவாய். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, "ஏலே, அந்த உப்பு…" என்று ஆரம்பித்தேன். "விடுலே. பிள்ள நல்லா இருக்காள்லா?" என்று முடித்துவிட்டாய். விட்டுவிட்டேனே, அதுதான் என் பாவம்.

உன்னைத் தூக்கிய அன்று உன் மகன் காதில் விழும்படி ஒருத்தன் சொன்னான், "நம்ம உப்பு போயிட்டானாம்லா." உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் நெய்ப்பந்தத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

உன் விலாசம் இனி எனக்குத் தெரியாது. அதனால் உன் பேருக்கு எழுதிய இதை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உன் மகன் கையில் கொடுக்க, ஒன்று மதுரையில் செல்வியின் ஹாஸ்டலுக்குப் போட. படித்துவிட்டு அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. செல்வி, மாமா தானாக உப்புப் போடவில்லை அம்மா. நான்தான் போடச் சொன்னேன்.