மூன்று நீல விரல்கள்

சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டம், 2-3-1932
இன்றைய சாதனை: ராசம்மா அக்காவின் கழுத்து வீக்கத்துக்கு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் சபாபதி ஐயா கொடுத்த அயோடினில் ஒரு சொட்டை வடிகஞ்சியில் விட்டேன். கஞ்சி கருநீலமாகிவிட்டது! பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா சின்னம்மாவிடம் காட்டி, "கஞ்சிக்குப் பேய் புடிச்சிருச்சு" என்றேன். அவர் அலறியதில் கோழிகள் கூரையேறிவிட்டன. அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாள்.
அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

5-3
அக்காவுக்குக் கை நடுங்குகிறது. முதுகில் காதை வைத்தால் நெஞ்சு மத்தளம் அடிக்கிறது. மூன்று வேளை தின்றும் இளைக்கிறாள். இன்று பால் வெட்டும்போது உளி வழுக்கி ரப்பர் மரத்தில் காயம்.
கங்காணி சொன்னார்: "கை ஆவாத ஆளுங்கள ஊருக்குக் கப்பலேத்திக்கிட்டிருக்காங்க. மே கடைசில தொரை வந்து வெட்டைப் பாப்பாரு. கை நேராவலைன்னா நாகப்பட்டினந்தான்."
அக்கா நாகப்பட்டினத்தைப் பார்த்ததே இல்லை. இங்கே பிறந்தவள். அவ இல்லாம நான்— போதும்.

8-3
காலையில் ஒரே ஒரு சொட்டு. அளந்து கொடுப்பது என் பொறுப்பு. ஒரு வருஷத்துக்குப் போதுமென்று போன மாதம் வந்த புட்டி எப்படிப் பாதிக்குமேல் காலி? நான் திருடியது ஒன்றுதான், சத்தியமா!
துணிக்குப் போடும் கஞ்சிப்பசையைப் புட்டியின் வாயிலும் மூடியிலும் தடவி வைத்தேன். அக்கா கழுத்துக்கு மருந்து, புட்டிக் கழுத்துக்கு விருந்து.

9-3
மாட்டினார்கள்! மூன்று பேர் விரலில் நீலம்.
அம்மா: "ஒரு சொட்டுல என்னாடி கரையும்? காப்பியில நாலு விட்டேன்."
சின்னம்மா: "நான் மோர்ல விட்டேன். எனக்கு மட்டும் அக்கறை இருக்காதா?"
அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் சாயங்காலம் குடிச்சேன்... சீக்கிரம் கொறையட்டும்னு."
சொட்டு மருந்து எங்கள் வீட்டில் கொட்டு மருந்து!

10-3
மூவரையும் டிரெஸர் ஐயாவிடம் இழுத்துப் போனேன். விரல்களைப் பார்த்துச் சிரித்தார். அக்காவின் நாடியைப் பிடித்ததும் சிரிப்பு நின்றது.
"கழுத்துல இருக்கிற சுரப்பிக்கு இதுதாம்மா தீனி. அளவா போட்டா ஒழுங்கா வேலை செய்யும். மேல மேல ஊத்துனா வெறி புடிச்ச மாடாட்டம் ஓடும். நெஞ்சு, கை எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடும். இனிமே ஒரு சொட்டுகூட கூடாது."
மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியை என்னிடம் நீட்டினார். "வெச்சுக்க, துப்பறியும் புலி."
அம்மா வழியெல்லாம் அழுதாள்.

2-4
அக்காவின் கை இன்னும் நடுங்குகிறது. மருந்தை நிறுத்தியது தப்போ?

24-4
அக்கா காப்பித் தம்ளரைச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தாள். குதித்தேன். சிந்தியது நான்தான்.

30-5
துரை வந்தார். அக்காவின் மரங்களில் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். அவ்வளவுதான்! கப்பல் பட்டியலில் அக்கா பெயர் இல்லை!
கங்காணியிடம் போய், "நாகப்பட்டினத்துக்கு நீங்க எப்ப மாமா?" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை.
கழுத்து வீக்கம் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். மேலே பாசிமணி போட்டால் அழகுதான்.

31-5
யாரோ என் நோட்டில் கை வைத்திருக்கிறார்கள்! இந்தப் பக்கத்தின் கீழே கஞ்சி தடவி, புட்டியின் அடியில் மிஞ்சியதை ஈர்க்குச்சியால் தொட்டு, நீலமாக ஒரு கோடு. ரப்பர் மரத்து வெட்டைப் போலவே இடமிருந்து வலம் இறங்குகிறது. எங்கும் ஒரு நெளிவு இல்லை.
அக்காவுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.