ஓம் என்றால் வெளியே

செப். 8, திங்கள்
காலையிலேயே கச்சான் காற்று. வட்டக்கச்சியிலிருந்து ஆஸ்பத்திரி வருவதற்குள் தலை முழுக்கப் புழுதி. ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க வேண்டும். அம்மாவுக்குப் பிரஷர் குளிசை.

கொழும்பிலிருந்து மெய்நிகர் பயிற்சிக் கருவி வந்துவிட்டது. கண்ணை மூடி மாட்டும் கறுப்புக் கண்ணாடி, கைகளுக்கு இரண்டு பிடிகள். மாட்டினால் ஒப்பரேஷன் தியேட்டர், மேசை, மயக்கத்தில் நோயாளி. வெள்ளி வரைதான் இங்கே. புள்ளியைப் பார்த்து எங்கள் டொக்டர்களில் ஒருவரைச் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்வார்களாம். இரண்டு வருடமாகக் கேட்டு அலுத்த இடம். இந்தமுறை எனக்குத்தான். எழுதி வைக்கிறேன்.

செப். 9, செவ்வாய்
பித்தப்பை அகற்றல். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பித்தப்பைக் குழாய்க்குக் கிளிப் போடப்போகும் நேரம் எல்லாம் மறைந்து, கண்முன்னே ஒரு வீட்டுப் படம். மறுபடி முதலிலிருந்து. மூன்று தரம் இப்படியே.

கருவியோடு வந்த தினேஷ் (கொழும்பு ஆள், மரியாதையானவர், கருவி சொன்னால் அவருக்கு வேதம்) அறிக்கையைக் காட்டினார். 'நோயாளியை இடையில் கைவிட்டு வெளியேறினார்: 3.'

"பயந்துட்டீங்க போல டொக்டர். பரவால்ல, நெறய பேருக்கு அப்படித்தான்."

நானா? மின்சாரம் போன நேரத்தில் டோர்ச் வெளிச்சத்தில் தையல் போட்டவள், கைவிட்டேனாம். ஆத்திரத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. பிறகு ரோல்ஸ் இரண்டு.

செப். 10, புதன்
வார்ட் சுற்று. உருத்திரபுரத்து ஐயா ஒருவர், குடலிறக்கச் சத்திரசிகிச்சை முடிந்தவர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"நோகுதோ?" "ஓம்." "சாப்பிட்டியளோ?" "ஓம்." "வீட்ட போவமோ?" "ஓம், ஓம்!"

அப்படியே நின்றுவிட்டேன். ஓம். ஹோம்!

நேற்று பக்கத்தில் நின்று உதவித் தாதியாக நடித்த சிஸ்டர் றிஸ்னா ஒவ்வொரு தரமும் "கிளிப் தரட்டோ டொக்டர்?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அந்தச் சனியன் என் வாயைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஹோம் என்றால் முதல் திரைக்குப் போ என்று அதற்குக் கட்டளை.

தினேஷிடம் ஓடிப்போய்ச் செய்து காட்டினேன். ஓம் என்றேன், வீடு வந்தது. சிரித்துவிட்டார்.

"அப்ப ஆமான்னு சொல்லுங்களேன். இல்லாட்டி யெஸ்."

"மைக்க நிப்பாட்டுங்கோவன்."

"அதுக்குக் கம்பனி பாஸ்வேர்ட் வேணும். வெள்ளிக்குள்ள கெடைக்காது."

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணரும் (எங்களுக்கு 'சேர்') தினேஷ் பக்கம். "ஒரு சொல்லுத்தானே பிள்ளை. விட்டுக்குடும்."

மாட்டேன். கையில் கத்தி இருக்கும்போது வாயில் வருவதுதான் வரும். நோயாளியை விட்டுவிட்டு என் நாக்கைக் காவல் காக்கவா?

செப். 11, வியாழன்
குளிசை வாங்க மறந்துவிட்டேன். அம்மாவிடம் நல்ல ஏச்சு.

றிஸ்னா வந்து காதுக்குள் சொன்னார்: "மைக் ஓட்டைக்குப் பிளாஸ்டர் ஒட்டுவமோ?" பஞ்சு வைத்து மூன்று பட்டை. உரத்துச் சொல்லிப் பார்த்தேன். ஓம். ஓம். ஓம். கருவி செவிடு. தினேஷுக்குக் கவலை: "கழட்டுறப்ப பசை ஒட்டாதே?" அதை நான் துடைத்துத் தருகிறேன்.

செப். 12, வெள்ளி
சேர் கதிரை போட்டு உட்கார்ந்தார். றிஸ்னா வேண்டுமென்றே ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டார். "கிளிப்போ டொக்டர்?" "ஓம்." "அடுத்ததோ?" "ஓம்." "வடிவாத் தெரியுதோ?" "ஓம்!" வீடு வரவேயில்லை. பித்தப்பை முழுதாக வெளியே. கைவிட்டது: 0.

செவ்வாய்க்கிழமைப் பிழை கருவியுடையது என்று தினேஷிடம் எழுத்தில் வாங்கினேன். வாங்காமல் விடுவேனா?

பின்னேரம் சிபாரிசுப் படிவத்தை எனக்குத்தான் தந்தார்கள். கடைசிக் கேள்வி: பயிற்சியில் சேர விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை. பொருத்தமற்றதை வெட்டிவிடுக.

இரண்டையும் வெட்டினேன். மேலே பெரிதாக எழுதினேன்: ஓம்.