மிகைச் சட்டை

அன்பு மகளுக்கு,

இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். எங்கள் அகராதி அலுவலகத்தில் இப்போது 'ஓவர்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் நடக்கின்றன. ஓவர்லோடு, ஓவர்டைம் எல்லாம் மிகை என்பதால், புது உதவியாளர் ஓவர்கோட்டுக்கு 'மிகைச் சட்டை' என்று எழுதிவிட்டாள்.

"அப்போ கோட்டு போட்டவங்க எல்லாம் ஓவரா பண்றவங்களா மேடம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை அடித்துவிட்டு, 'மறைப்பதற்காக மேலே அணிவது' என்று எழுதினேன். பிறகு 'மறைப்பதற்காக' என்பதையும் அடித்தேன். அகராதிக்கு அது தேவையில்லை.

போன ஞாயிறு இங்கே வந்தபோது அத்தனை வெயிலிலும் நீ போட்டிருந்த கோட்டைக் கழற்றவில்லை. கை கழுவும்போது மட்டும் அதன் கையைச் சற்று மடித்தாய். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாய். கதவுக்கு விரல்கள் கிடையாது.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். "உங்க பொண்ணு எல்லாத்துக்கும் ஓவரா பண்றா அத்தை. கொஞ்சம் சொல்லி வைங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்கிறேன். சனிக்கிழமை காலை காரோடு வருகிறேன். சான்றிதழ்களை எடுத்து வை. யாருக்கும் விளக்கம் சொல்லாதே. அவர் வீட்டில் இருந்தாலும் சரி, படியேறி உள்ளே வந்து உன்னை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன்.

அம்மா