ஒன்றாம் எண் காலியாக இருக்கிறது

கண்ணுக்கு எட்டாத ஊரில் இருக்கும் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது.

இங்கே மனிதர்களுக்கு ஒன்றும் கேடில்லை. என் முழங்கால் பழையபடிதான். உன் அம்மா இளைத்திருக்கிறாள். கேட்டால் இல்லவே இல்லை என்பாள், ஆனால் அவள் உடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்தவள் நான்.

படுத்துக்கிடப்பது நீ கம்ப்யூட்டரில் எழுதிவைத்துவிட்டுப் போன அளவுப் புத்தகம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் இதைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நீ சிரித்ததை ஒரு தடவை பார்த்தாயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீ போன பின் நம் தையல் கடையில் பொத்தான் துளை தைக்க ஒரு பெண் வந்திருக்கிறாள். எல்லோரும் அவளைக் காஜா என்றே கூப்பிடுகிறோம். கம்ப்யூட்டரும் அவள் கையில்தான். செவ்வாய்க்கிழமை காலை அவள் அளவுகளைத் திறந்தால், அளவே இல்லை, சிவப்பாக ஒரு வரி மட்டும் நிற்கிறது. யாரைத் தட்டினாலும் அதே வரி. அந்த எழுத்துகளைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். தலைகீழாக இருந்தால் திருப்பிப் பார்த்துக்கொள்.

புது ஆஸ்பத்திரி அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை திறக்கிறது. நாற்பது நர்சுகளுக்குக் கோட்டு நாம் தைக்க வேண்டும். அளவெடுத்த சீட்டுகளை, கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று உன் அப்பா கிழித்துப் போட்டுவிட்டான். அந்தப் பெண்களோ பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறார்கள், திறக்கும் நாளில்தான் வருவார்கள். துணி மேசைமேல் மலையாகக் கிடக்கிறது. கத்தரி வைக்க முடியவில்லை. நான் அளந்திருந்தால் நாற்பதையும் ஒப்பித்திருப்பேன். என்னைத்தான் யாரும் கூட்டிப்போகவில்லையே.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் வந்தான். பதினோரு வருஷத்துக்கு முன், நான் தைத்த காலர் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னானே, அவனேதான். அதையெல்லாம் மறந்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மறந்துவிட்டு என்று சும்மா எழுதினேன். அளவெல்லாம் எங்கேயோ தூரத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். நம்முடைய ஆட்களின் இடுப்பளவு எதற்காக வெளியூரில் இருக்கிறது என்று கேட்டேன். பாஸ்வேர்டு சரி என்றான், அட்டவணை சரி என்றான். “டேட்டாபேஸ்ல எல்லாம் பத்திரமா இருக்கு பாட்டி, உங்க பேத்தி எழுதின ஸ்கிரிப்ட் கேக்குற ஒரு கேள்விக்குத்தான் பதில் வரல” என்றான். இருக்கிறது என்றால் ஏன் வரவில்லை, வரவில்லை என்றால் எப்படி இருக்கிறது? எனக்குத் தலை சுற்றியது. அவனுக்கும்தான், ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கண்டுபிடித்தான். ஒவ்வொரு அளவையும் காட்டுவதற்கு முன்னால், இதை எடுத்தது யார் என்று அது கேட்குமாம். ஒன்றாம் எண் என்று வருமாம். ஒன்றாம் எண் யார் என்று ஆட்கள் பட்டியலில் போய்த் தேடுமாம். அங்கே ஆள் இல்லை. அதோடு வாயடைத்து நின்றுவிடுகிறதாம். “ஒண்ணாம் நம்பர் யாருங்க?” என்று கேட்டான். உன் அப்பா டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். உன் அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

நீ முதலில் உன் பெயரைத்தானே போட்டாய். அளவு ஏற்றும்போது எடுத்தவர் இடத்தில் தானாக வந்து நிற்பது அந்தப் பெயர்தான். தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒரு தட்டுத் தட்டினால் போதும். நாலு வருஷமாக உன் அப்பா அதைத் தட்டவில்லை. சோம்பேறித்தனம் என்கிறான். அவன் சோம்பேறித்தனத்தைத் தொட்டிலிலிருந்து பார்த்தவள் நான். இது அது இல்லை. ஊரில் பாதிப் பேரின் அளவை நீதான் எடுத்ததாக இருக்கிறது. அந்த நாற்பது பேரையும்.

யாராவது எதையாவது அழித்தீர்களா என்று ரிப்பேர்க்காரன் கேட்டதற்கு எல்லோரும் இல்லை என்றார்கள். காஜா என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்தேன். உன் அப்பா அவளைத்தான் திட்டினான், கண்டதையும் தட்டுகிறாய் என்று. அவள் துளை தைக்கக் குனிந்துகொண்டாள். அழித்தது அவள் கை. அழிக்கச் சொன்னது நான்.

திங்கட்கிழமை உன் பிறந்தநாள். சாயங்காலம் வரை போனை மடியில் வைத்திருந்தேன், நீ கூப்பிடவில்லை. போனவளுக்கு இங்கே என்ன இடம், அந்தப் பெயரை எடு என்று காஜாவிடம் சொன்னேன். “நிச்சயமாவான்னு கேக்குது பாட்டி” என்றாள் அவள். அமுக்குடி என்றேன். இந்தக் குடும்பத்தில் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டது அது ஒன்றுதான்.

நீ சிரித்த அந்தப் பகல் எனக்கு மறக்காது. நீ சாம்பல் நிறச் சட்டை, இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது, மூன்று வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரின் கை நீளம் பத்தொன்பது என்றேன். பத்தொன்பதரை என்று திரையைக் காட்டி, “இனிமே உங்க தலை வேண்டாம் பாட்டி, இது ஞாபகம் வச்சுக்கும்” என்று சிரித்தாய். இது வேண்டும் என்கிற இடத்துக்கே போய்க்கொள் என்றேன். நீயும் பதினைந்தாம் நாள் போய்விட்டாய். நான் கோபத்தில் சொன்னதையெல்லாம் யாரும் இப்படி உடனே கேட்டதில்லை.

டீச்சரை அப்புறம் நானே அளந்தேன். பத்தொன்பதரைதான். நாலு வருஷமாகச் சொல்லவில்லை.

காஜா உன் பெயரைத் திரும்பவும் ஏற்றிப் பார்த்தாள். ஒன்பதாம் எண் கொடுத்தது. போன எண்ணை அது தானாக யாருக்கும் கொடுக்காதாம். அந்த எண்ணையே கட்டாயமாக எழுதிவைக்க வழி உண்டு, உள்ளே போகும் சாவி எழுதினவளிடம்தான் இருக்கும் என்கிறான் ரிப்பேர்க்காரன். அங்கே உட்கார்ந்தபடியே செய்துவிடலாமாம். செய்துகொடு அம்மா. நர்சுகள் பழந்துணியோடு நிற்கக்கூடாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும், காஜா பேரில் தப்பில்லை என்று உன் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அவன் என்ன சொல்வானோ தெரியாது.

உன் அளவையும் அந்தப் பெயரோடு சேர்த்து எடுத்துவிட்டது. அது என் தலையில் இருக்கிறது. தோள் பதினாலு, கை பதினெட்டேகால், உடுப்பின் உயரம் நாற்பது. ஆனால் நாலு வருஷத்து அளவு. மாறியிருக்கும். எண்ணை அங்கிருந்து போடலாம். அளவை எப்படி எடுப்பது என்றுதான் எனக்குப் புரியவில்லை. டேப்பை இங்கேதான் மாட்டியிருக்கிறேன், கண்ணாடிக்குப் பக்கத்தில்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் நிமிர்ந்து நட.

இப்படிக்கு,
அரை அங்குலம் தப்பாகச் சொன்ன பாட்டி.