துணி பார்க்கிற கை

11 பெப்ரவரி 2006, சனி இரவு

முதியோர் இல்லத்தில் நான் பராமரிக்கும் முசியூவை, அதாவது பிரெஞ்சுக்கார ஐயாவை, பார்க்க இன்று பாரிஸிலிருந்து மகன் வந்தான். முசியூ அங்கே பெரிய வங்கியாளராக இருந்தவர்; பரம்பரையோ பட்டு வியாபாரிகள். இப்போது வங்கி, மனைவி, மகன் எல்லாம் மறந்துபோயிற்று. சிறுவயதில் குடும்பத் துணிக்கடையில் பழகிய கை மட்டும் மறக்கவில்லை. யார் கிட்டே போனாலும் உடுப்பின் விளிம்பை விரலால் தேய்த்து, புரட்டிப் பார்ப்பார்.

மகன் குனிந்து, "அப்பா, நான்" என்றான். முசியூ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைத் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி. ஆனால் எங்கள் கடையில் எடுத்ததல்ல" என்றார்.

"ஐயோ, அது உங்கட மகனெல்லே!" என்றேன் நான். அவசரத்தில் பிரெஞ்சு வரவில்லை.

மகன் கோட்டைக் கழற்றி அவர் கால்மேல் போர்த்திவிட்டு, இந்தக் குளிரில் வெறும் சட்டையோடு டாக்சிக்குப் போனான். முசியூ கோட்டைத் தள்ளிவிட்டு என் சீருடையைப் பிடித்தார். "மலிவு" என்று தினமும்போல் முகம் சுளித்தார். மலிவுதான், வேறென்ன! பிடித்தபடியே தூங்கிவிட்டார்.

பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நான் கையை விலக்கவில்லை. இந்த ஊரில் என்னைத் தொடுகிற கை அது ஒன்றுதான். அதுவும் துணியைத்தான் தொடுகிறது.