தோளில் இருந்த கை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் வழக்கம்போல் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அவர் காதுக்கு வழக்கம்போல் ஊரார் பேசுவதெல்லாம் கேட்கிறது, நான் பேசுவது மட்டும் கேட்பதில்லை. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமாக இருக்க வேண்டும், அதை நீ வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், குழந்தையின் கன்னத்தைப் படத்தில் பார்த்து நானே தெரிந்துகொள்வேன். இதற்கு எதற்குக் கடிதம், போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசி வரி வரைக்கும் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பள்ளிக்கூடத்து விஷயம். நான் மனம் மாறிவிட்டதாக உன் அப்பா உன்னிடம் சொன்னாராம். பொய். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தவள் நான், என் கையால் பொத்தான் வைக்காத சட்டை இந்தத் தெருவில் பள்ளிக்குப் போனதில்லை, என் சொந்தப் பேத்தி மட்டும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பாள் என்றால் எனக்கு எரியாதா. போன வருஷம் அதைச் சொன்னதற்குத்தான் நீ நாலு மாதம் எனக்குப் போன் செய்யவில்லை. இப்போது இரண்டாவது வருஷமும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டாய், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பாடம் ஆரம்பம், அலமாரியில் புத்தகம் அடுக்கியாயிற்று, உலகப்படம் சுவரில் மாட்டியாயிற்று, என்னைக் கேட்டா செய்தாய். சரி, செய்வதை ஒழுங்காகச் செய். சாப்பிடுகிற மேசையும் படிக்கிற மேசையும் ஒன்றாக இருக்கக்கூடாது, ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மேசை போடு. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி, தூங்கின உடுப்போடு பாடத்துக்கு உட்கார விடாதே. அதற்காகத்தான் இந்தப் பார்சலில் இரண்டு செட் சீருடை தைத்து வைத்திருக்கிறேன், எந்தப் பள்ளியின் நிறம் என்று கேட்காதே, நான் தேர்ந்த நிறம். இடுப்பில் இரண்டு அங்குலமும் கீழே மூன்று அங்குலமும் உள்ளே மடித்து விட்டிருக்கிறேன், வளர வளரப் பிரித்துவிடு. போட மாட்டேன் என்று அவள் சொன்னால் அவளையே எனக்கு நேரடியாக எழுதச் சொல்.

இனி போட்டோ விஷயம். இந்த வருஷம் முதல் பாடமே நம் குடும்பம்தான், பழைய படங்களை வைத்து அவள் ஒரு புத்தகம் செய்யப் போகிறாள், அதனால் படங்களையெல்லாம் அந்தத் துணியிலிருந்து எடுத்து ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து அனுப்பு என்று நீ சொன்னபோது நான் முடியாது என்றேன். பள்ளியில் சேர்த்தால் படம் வரும் என்றேன். அது வாய்க்கு வந்த சாக்கு. உண்மையான காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

என் மெஷினுக்கு மேலே சுவரில் தொங்கும் அந்தப் படத்துணி உனக்கு நினைவிருக்கும், உனக்கு ஆறு வயதில் நான் தைத்தது. இரண்டு அடுக்குக் காடாத்துணி, மேல் அடுக்கில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே படத்தைச் செருகினேன். இருபத்து நாலு ஜன்னல். பசை கிடையாது, ஒரு படத்தில்கூட ஊசி பட்டதில்லை, இன்றைக்கும் ஒரு தையல் விட்டுப்போகவில்லை. வருகிறவர்களெல்லாம் மெச்சுவார்கள், நானும் மெச்சிக்கொள்வேன். போன மாதம் ஸ்டூடியோக்காரர் உன் அப்பாவின் வற்புறுத்தலால் வீட்டுக்கு வந்து பார்த்தார். கிட்டப் போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அம்மா, தையல் அப்படியே இருக்கு, படத்தைத்தான் வெயில் தின்னுடுச்சு. எதிர்ல இவ்வளவு பெரிய ஜன்னலை வச்சுக்கிட்டு இதை இங்க மாட்டலாமா? இன்னும் ரெண்டு வருஷம் விட்டீங்கன்னா மூஞ்சி இருந்த இடத்துல வெறும் காகிதம்தான் இருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் போன பிறகு நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். தினமும் பார்ப்பதால் தெரியவில்லை. உன் முதல் பிறந்தநாள் படத்தில் உன் சிவப்புச் சட்டை செங்கல் தூள்போல் ஆகியிருக்கிறது, உன் அப்பாவின் மீசை இருக்குமிடத்தை நினைவில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்போதும் நான் துணியைப் பிரிக்கவில்லை. உன் அப்பா மட்டும் எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலையும் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். அதைப் பார்த்து உன் மகள் பதினைந்து கேள்வி எழுதி அனுப்பினாள், எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்குக் கோடு போட்டு. எங்கள் பக்கத்து வீட்டு வக்கீல்கூட இப்படிக் கேட்க மாட்டார். அந்த நாற்காலி இப்போது எங்கே, தாத்தா ஏன் எல்லாப் படத்திலும் ஒரே சட்டை போட்டிருக்கிறார், இப்படி. பதினாலுக்குப் பதில் எழுதினேன். பதினொன்றாவதை மட்டும் விட்டுவிட்டேன். நாலாம் நாள் அதே தாள் திரும்பி வந்தது, பதினொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் "பாட்டி, இது பாக்கி" என்று. கடை திறந்த அன்றைக்கு எடுத்த படத்தில், பாட்டி தோளில் இருக்கும் கை யாருடையது?

உன் சித்தியுடையது.

அந்தப் படத்தின் வலது ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது, அதனால்தான் துணியை அகலமாக மடித்தேன் என்று உன்னிடம் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்தேன். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் சித்தி நிற்கிற ஏழு படத்திலும் அவள் பக்கத்து ஓரத்தை மட்டும் நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து அவளை உள்ளே தள்ளினேன். இந்த ஒரு படத்தில் மட்டும் அவள் கை என் தோள் வரைக்கும் வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டுமென்றால் என் தோளையும் பாதிக் கழுத்தையும் மறைக்க வேண்டும். என்னை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கை மட்டும்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை, நீ உட்பட.

சித்தியோடு எனக்கு என்ன சண்டை என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், நான் சொன்னதில்லை. என்னை ஒன்றாம் வகுப்போடு நிறுத்தியது அவளைப் பார்த்துக்கொள்ளத்தான், அது உனக்குத் தெரியும். அவள் படித்தாள், டீச்சரானாள், அதில் எனக்குப் பொறாமை கிடையாது, அவளுக்கு முதல் நாள் வேலைக்குப் போகச் சட்டை தைத்துக் கொடுத்ததே நான்தான். கடை திறந்த பிறகு எனக்கு எழுத்து தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு சீருடையின் கழுத்துப் பட்டிக்குள்ளும் தைக்கச் சொல்லிப் பிள்ளையின் பெயரை எழுதிய துணிச் சீட்டைக் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளையை எனக்குத் தெரியும், அதனால் பெயர் தெரியும், பெயர் தெரிந்ததால் எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று கண்டுபிடித்தேன். இரண்டு வருஷத்தில் படித்தேன், எழுதினேன், யாரிடமும் போய் நிற்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உன்னைப் பள்ளியில் சேர்க்கிற விண்ணப்பத்தை என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று இருந்தேன். ஒரு வாரம் பழகினேன், உன் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு. புதுப் பேனா வாங்கினேன். தலைமை ஆசிரியை விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார், நான் பையிலிருந்து பேனாவை எடுப்பதற்குள் அதே பள்ளியில் டீச்சராக இருந்த உன் சித்தி வந்து, "அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடுங்க, நானே நிரப்பிடறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே வேறு இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. எதிரே வந்தால் சாலையைக் கடந்து போவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். தபால் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது தெருதான், நடந்தால் பத்து நிமிஷம். சமாதானத்துக்குப் போகவில்லை, பதினொன்றாவது கேள்வியின் கீழே படம் எடுத்த தேதியும் கேட்டிருக்கிறாள் உன் மகள், அது எனக்கு நினைவில்லை, உன் அப்பாவைக் கேட்டால் வருஷத்தையே மாற்றிச் சொல்கிறார். வெளிக்கதவைத் தட்டினேன். கையில் மாவோடு வந்தாள், தலை முழுக்க நரைத்துவிட்டது. "உன் வீட்டுக்கு வரல. பிள்ளையோட பாடத்துக்கு ஒரு தேதி வேணும், அவ்வளவுதான்" என்றேன். மாவுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு, "படத்தைப் பார்க்காம தேதி சொல்ல முடியாதுக்கா" என்று சொல்லிக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

துணியை இறக்கி மேசைமேல் விரித்து, பிளேடால் அந்த ஓரத்தின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் தையலைப் பிரிப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது, அவ்வளவு கெட்டி. படத்தை வெளியே எடுத்து வைத்ததும் இருவரும் தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தோம். வெயில் பட்ட இடத்தில் நான், நீ, உன் அப்பா, மெஷின் எல்லாம் டீ கொட்டின மாதிரி பழுப்பேறி வெளுத்துக் கிடக்கிறோம். மடிப்புக்குள் இருந்த நாலு விரல் அகலம் மட்டும் நேற்று எடுத்த படம்போல் இருக்கிறது. கடையின் நீலக் கதவு நீலமாகவே இருக்கிறது, அவள் சட்டையில் மஞ்சள் பூ மஞ்சளாகவே இருக்கிறது. வேண்டாம் என்று ஒளித்து வைத்தவளைத்தான் நான் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன், எனக்கு எப்படி இருக்கும் சொல். அந்தச் சட்டை எது தெரியுமா, நான் முதல்முதலாகத் தைத்தது, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கடை திறப்பதற்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் மறந்தே போயிருந்தேன்.

அப்போதுதான் அவள், "நான் என்ன பண்ணேன்னு இப்பவாவது சொல்லுக்கா" என்றாள். சொன்னேன். அவளுக்கு அந்த விண்ணப்பமே நினைவில்லை, எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். "உனக்கு எழுதத் தெரியும்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள். நீ கேட்டியா என்றேன். நீ சொன்னியா என்றாள். உள்ளறையிலிருந்து உன் அப்பா, "ரெண்டு பேரும் முப்பத்திரண்டு வருஷம் லீவு எடுத்துட்டு அதே இடத்துல ஆரம்பிக்கிறீங்களே" என்றார், அது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் எழுதிப் பழகினியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணியின் நூல்பிசிர்களை விரலால் கூட்டிக் கூட்டி ஒரு குவியலாக வைத்தாள்.

உன் பாடத்திட்டத்தை அவளிடம் காட்டினேன், டீச்சர் என்கிற முறையில் எனக்குச் சாதகமாக ஏதாவது சொல்வாள் என்று. அவளோ, "நாற்பது நாற்பது பிள்ளையா உக்கார வச்சுப் பாடம் சொன்னேன், ஒண்ணாவது என்னை இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டதில்லக்கா" என்கிறாள். அவள் எப்போதுமே எனக்கு எதிர்க் கட்சிதான்.

படத்தின் பின்னால் பெயரும் தேதியும் எழுத வேண்டும், மை கூடாது, மெல்லிய பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். பென்சில் மேசைமேல் இருந்தது. உன் சித்தியின் கை தானாக அதை எடுக்கப் போனது, டீச்சர் பழக்கம். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேதியைச் சொன்னாள், நான் எழுதினேன். அவள் பெயரையும் நானே எழுதினேன், முழுப் பெயர். எழுதும்போது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு தடவை ஏதோ திருத்தச் சொல்ல வாயெடுத்தாள், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மீதி ஆறு படங்களையும் வியாழக்கிழமைகளில் அவள் வந்து உட்கார, நான் பிரிக்கிறேன். ஸ்கேன் செய்ததை உன் அப்பா ஒன்றாம் தேதிக்குள் உனக்கு அனுப்பிவிடுவார். அசல் படங்களை அனுப்ப மாட்டேன், அவை பட்டர் பேப்பர் சுற்றி வெயில் படாத அலமாரியில் இருக்கும், வேண்டுமென்றால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து பார். நீ எடுக்கிற படங்களையும் போனிலேயே போட்டு வைக்காமல் கொஞ்சமாவது அச்சுப் போட்டுப் பின்னால் எழுதி வை. குழந்தை அந்தப் படத்தை வெளுத்த பக்கம், வெளுக்காத பக்கம் என்று வெட்டிவிடாமல் முழுசாகப் புத்தகத்தில் ஒட்டட்டும். பதினாறாவது கேள்வி இருந்தால் அனுப்பச் சொல், எனக்குத் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கண் நிறைய, கை நிறைய வாழ வேண்டும். குழந்தைக்குப் படிப்பு எங்கே வந்தாலும் நன்றாக வர வேண்டும், அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தால் இன்னும் நன்றாக வரும். கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன், உன் சித்தி ஏதோ எழுத வேண்டுமாம். அதை நான் படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
இன்னும் மனம் மாறாத
உன் அம்மா